அடி வாங்கி மௌனமாக இருப்பதுதான் கிறிஸ்தவ அகிம்சையா?

நாற்பது வயதைக் கடந்த வாசகர் ஒருவர் எழுதியிருக்கிறார். கிறிஸ்தவக் குடும்பத்தில் பிறந்து வளர்ந்தவர். ஆனாலும் இரண்டு ஆண்டுகளுக்கு முன் இயேசுவின் மலைப்பிரசங்கத்தை வரிவரியாகத் தியானித்தபோதுதான் அது தம் அன்றாட வாழ்க்கைக்காகச் சொல்லப்பட்டது என்று உணர்ந்து, இனி எவரையும் கையாலோ வாயாலோ காயப்படுத்துவதில்லை என்று தீர்மானித்திருக்கிறார். அதன்பின் நடந்தவை அவரைக் குழப்புகின்றன. அலுவலகத்தில் மேலதிகாரி பலர் முன்னிலையில் அவரை இழிவாகப் பேசுகிறார்; அவர் செய்த வேலையைத் தம்முடையதாகக் காட்டிக்கொள்கிறார். மறு கன்னத்தைக் காட்டுவதாக எண்ணி இவர் வாய் திறப்பதில்லை. வீட்டிலோ, சிறு காரணத்துக்காக மனைவியிடம் நாள்கணக்கில் பேசாமல் இருக்கிறார். அண்மையில் ஓர் இரவு பதினொரு வயது மகனின் தோளைப் பிடித்து உலுக்கிவிட்டு, அவன் நடுங்கியதைக் கண்டு தாமும் அழுதிருக்கிறார்.

இதற்கிடையே, தங்கையை அவருடைய கணவர் பல ஆண்டுகளாக அடித்துவருவதும், சென்ற மாதம் கழுத்தை நெரித்ததும் தெரியவந்திருக்கிறது. சபைப் போதகர் சிலுவையைச் சுமக்கும்படியும் ஜெபத்தில் தரித்திருக்கும்படியும் சொல்லி அனுப்பிவிட்டார். தங்கை அண்ணனிடம் வந்து அழுதபோது இவரும் ஏறக்குறைய அதையே சொல்லியிருக்கிறார். ஆனால் உள்ளுக்குள், நான்கு பேரைக் கூட்டிக்கொண்டு போய் அந்த மனிதரை நையப்புடைக்க வேண்டும் என்ற வெறி. போதாக்குறைக்கு, பள்ளியில் மகனை ஒரு மாணவன் தொடர்ந்து துன்புறுத்துகிறான்.

அவர் கேட்பவை மூன்று. மேலதிகாரிமீது புகார் கொடுப்பதும் சட்டத்தை நாடுவதும் இயேசுவின் போதனைக்கு முரணா? தங்கைக்கு என்ன சொல்வது? மகனைத் திருப்பி அடிக்கச் சொல்லலாமா? கேள்வியாக இல்லாமல் இடையில் அவர் எழுதியிருக்கும் ஒரு வரிதான் கடிதத்தின் பாரம் முழுவதையும் சுமக்கிறது: “இவ்வளவு கோபம் வருகிற நான் அகிம்சையைப் பற்றிப் பேசவே தகுதியற்றவன்.”

அன்புள்ள சகோதரரே,

உங்கள் கேள்விகளை நீங்கள் எழுதிய வரிசையில் எடுத்துக்கொள்ளப்போவதில்லை. ஓர் உயிர் ஆபத்தில் இருக்கும்போது மற்றவை காத்திருக்கலாம். ஆகவே முதலில் உங்கள் தங்கையைப் பற்றிப் பேசுகிறேன்.

தங்கையின் பாதுகாப்பு

குடும்ப வன்முறையில் கழுத்தை நெரிப்பது மற்ற அடிகளைப் போன்றதன்று. ஒரு முறை கழுத்தை நெரித்த கணவனின் கையாலேயே பின்னாளில் கொல்லப்படும் அபாயம் அந்தப் பெண்ணுக்குப் பல மடங்கு கூடுகிறது என்பது இத்துறையில் பணியாற்றும் மருத்துவர்களும் ஆலோசகர்களும் நன்கறிந்த உண்மை. வெளியே ஒரு தழும்புகூட இல்லாமல் கழுத்தின் உள்ளே இரத்தக்குழாய் கிழிந்திருக்கக்கூடும். அதனால் நாள்கள், சில வேளை வாரங்கள் கழித்தும் பக்கவாதம் வரலாம். குரல் கம்முதல், விழுங்கும்போது வலி, விடாத தலைவலி, பார்வை மங்குதல், உடலின் ஒரு பக்கம் தளர்தல் ஆகியவற்றுள் எது இருந்தாலும் உடனடியாகவும், எதுவும் இல்லையென்றாலும் இந்த வாரத்துக்குள்ளும் அவர் மருத்துவரைப் பார்க்க வேண்டும். தலைவலி என்றோ உடம்பு சரியில்லை என்றோ சொல்லாமல், கழுத்து நெரிக்கப்பட்டது என்றே சொல்ல வேண்டும். மருத்துவர் எதைத் தேடிப் பார்ப்பார் என்பது அந்த ஒரு சொல்லைப் பொறுத்தது. குறிப்பேட்டில் அது பதிவானால் பிற்காலத்தில் நீதிமன்றத்திலும் சான்றாகும்.

தங்கையிடம் நீங்கள் முதலில் சொல்ல வேண்டியது அறிவுரை அன்று. “நீ சொல்வதை நம்புகிறேன். இது உன் தவறு இல்லை. அன்றைக்கு ஜெபம் பண்ணு என்று மட்டும் சொல்லி உன்னை அனுப்பியது என் தவறு. எந்த நேரமானாலும் என் வீட்டுக்கு வா.” இந்த நான்கு வாக்கியங்கள் போதும். வெளியேறுவதா, எப்போது வெளியேறுவது என்பதை அவரே தீர்மானிக்கட்டும். பல ஆண்டுகள் ஒருவருடைய கட்டளைக்குக் கீழ் வாழ்ந்தவரை இன்னொருவருடைய கட்டளைக்குக் கீழ்க் கொண்டுவருவது, அது அண்ணனின் அன்புக் கட்டளையாகவே இருந்தாலும், விடுதலை ஆகாது.

அவர் வெளியேற முடிவுசெய்தால் அதை மிகவும் கவனமாகச் செய்ய வேண்டும். மனைவி தன்னைவிட்டுப் போகிறாள் என்று கணவன் உணரும் காலமே உச்சக்கட்ட ஆபத்தான காலம். கோபத்தில் சொல்லிவிட்டுக் கிளம்புவதைவிட, கணவர் வெளியே போயிருக்கும் வேளையில் சத்தமில்லாமல் கிளம்புவதே பாதுகாப்பானது. அடையாள ஆவணங்கள், பிள்ளைகள் இருந்தால் அவர்களுடைய சான்றிதழ்கள், வழக்கமான மருந்துகள், கைச்செலவுக்குப் பணம், மாற்றுச் சாவி ஆகியவற்றை முன்கூட்டியே நம்பகமான ஓரிடத்தில் சேர்த்துவைக்கலாம். தொலைபேசியில் சாதாரணமாக ஒலிக்கும் ஒரு சொல்லை, ‘உடனே வா’ என்ற பொருளில், நீங்கள் இருவரும் மட்டும் அறிந்த குறியாக வைத்துக்கொள்ளுங்கள். அவருடைய கைபேசியைக் கணவர் பார்ப்பாரா, அது இருப்பிடத்தைக் காட்டிக்கொடுக்குமா என்பதை முதலில் உறுதிசெய்துகொண்டு, அதன்பிறகே இவற்றைப் பற்றிச் செய்தி அனுப்புங்கள். உங்கள் நாட்டில் இத்தகைய பெண்களுக்கு இருக்கும் உதவி எண், காப்பகம், பாதுகாப்பு உத்தரவு பெறும் வழி ஆகியவற்றை அவருக்காக விசாரித்து வைப்பது நீங்கள் இன்றே செய்யக்கூடிய வேலை.

இரண்டு செயல்களைத் தவிருங்கள். நான்கு பேருடன் போய் மைத்துனரை அடித்தால், நீங்கள் திரும்பிய பிறகு அந்த அடிக்கு உரிய விலையைக் கொடுப்பவர் தங்கைதான். அவருக்குத் தெரியாமல் தனியாகப் போய்க் கண்டித்தாலும் விளைவு அதுவே. அதேபோல், கணவன் மனைவி இருவரையும் ஒன்றாக உட்காரவைத்துச் சமரசம் பேசும் முயற்சியும் வன்முறை தொடரும் வீட்டில் வேண்டாம். அந்த அறையில் தங்கை உண்மையைச் சொன்னால் இரவில் அதற்குத் தண்டனை உண்டு. சொல்லாவிட்டால் பொய்யின்மேல் சமாதானம் கட்டப்படும்.

போதகர் சொன்னதைப் பற்றியும் பேசியாக வேண்டும். அவர் தீய எண்ணத்தோடு சொல்லியிருக்கமாட்டார் என்றே நினைக்கிறேன். ஆனால் அவர் சொன்னது தவறு, அதுவும் உயிரைப் பறிக்கக்கூடிய தவறு. சிலுவைக்குப் போவதற்கு முன்பே ஆண்டவர் தம் உயிரைப் பற்றிச் சொன்னது, “ஒருவனும் அதை என்னிடத்திலிருந்து எடுத்துக்கொள்ளமாட்டான், நானே அதைக் கொடுக்கிறேன்” என்பதே. நாசரேத்தில் அவரை மலையுச்சியிலிருந்து தள்ளிவிட வந்தபோது அவர் கூட்டத்தின் நடுவே கடந்து போய்விட்டார். தேவாலயத்தில் கல்லெறிய முயன்றபோது மறைந்து வெளியேறினார். ஓர் ஊரில் துன்பப்படுத்தினால் மறு ஊருக்கு ஓடிப்போங்கள் என்று சீடர்களுக்கும் சொன்னார். தமஸ்குவில் பவுலைக் கூடையில் வைத்து மதில் வழியாய் இறக்கிவிட்டவர்கள் சீடர்களே. தப்பிச்செல்வது விசுவாசக் குறைவு என்று வேதம் எங்கும் சொல்லவில்லை.

விவாகரத்தைப் பற்றிப் பேசும்போது, தள்ளிவிடுதலைக் கர்த்தர் வெறுக்கிறார் என்னும் மல்கியா 2:16-இன் முதற்பகுதியைச் சபைகளில் அடிக்கடி மேற்கோள் காட்டுகிறார்கள். கொடுமை செய்கிறவனைக் கண்டிக்கும் அதே வசனத்தின் பிற்பகுதி பெரும்பாலும் விடுபட்டுப்போகிறது. மனைவியைக் கனம்பண்ணாத கணவனின் ஜெபங்களுக்கே தடை வரும் என்று பேதுரு எழுதியதும் அப்படித்தான். போதகரிடம் போவதானால், தங்கையின் ஒப்புதலோடு மட்டும் போங்கள். போய், சபை அந்த மனிதரிடம் என்ன கேட்கப்போகிறது என்று கேளுங்கள். இதுவரை எல்லாரும் அடிபட்டவரிடமே ஏதோ ஒன்றைக் கேட்டுக்கொண்டிருக்கிறார்கள்.

“அவள் மன்னித்துவிட்டால் திரும்பிப்போகத்தானே வேண்டும்?” என்று நீங்கள் எழுதியிருக்கிறீர்கள். தாவீதையும், அவரைக் கொல்லத் தேடிய அரசர் சவுலையும் நினைத்துப் பாருங்கள். சவுல் எறிந்த ஈட்டிக்குத் தப்பியவர் தாவீது. பின்பு குகையில் சவுல் கைக்கெட்டும் தூரத்தில் அகப்பட்டபோதும் அவரைக் கொல்லவில்லை. அவருடைய சால்வையின் தொங்கலை மட்டும் அறுத்துக்கொண்டார். சவுல் அழுதார், தாம் செய்தது தவறு என்று ஒப்புக்கொண்டார், தம் வீட்டுக்குப் போனார். தாவீதோ அவர் பின்னால் அரண்மனைக்குப் போகாமல் அரணான இடத்துக்கு ஏறிப்போனார். இரண்டாம் முறை சவுலை உயிரோடு விட்டபோது, திரும்பி வா, இனி உனக்குத் தீங்கு செய்யேன் என்று சவுலே அழைத்தும், தாவீது தம் வழியே போனார் என்றுதான் சாமுவேலின் முதலாம் புத்தகம் சொல்கிறது. பழிவாங்காதிருப்பதையும் ஈட்டியின் எல்லைக்குள் மறுபடி போய் உட்காராதிருப்பதையும் ஒரே மனிதர் ஒரே வேளையில் செய்திருக்கிறார். உங்கள் தங்கையும் அப்படிச் செய்யலாம். மன்னிப்பு அவருடைய உள்ளத்தில் தன் நேரத்தில் நடக்கட்டும். திரும்பிச் செல்வது என்பது அந்த மனிதர் நீண்ட காலம், பிறர் கண்காணிப்பில், மாறிக் காட்டிய பிறகு மட்டுமே எழக்கூடிய கேள்வி.

எதிரிக்காக உயிரையே கொடுத்தவர்கள் நம் வரலாற்றில் இருக்கிறார்கள். நெதர்லாந்தைச் சேர்ந்த டிர்க் வில்லெம்ஸ் என்பவர், வளர்ந்தபின் பெறும் ஞானஸ்நானத்தையே ஏற்ற அனபாப்டிஸ்ட் பிரிவினர், 1569-இல் சிறையிலிருந்து தப்பி மெல்லிய பனிக்கட்டியின்மேல் ஓடினார். துரத்திவந்தவன் பனி உடைந்து நீரில் விழுந்தபோது திரும்பி வந்து அவனைக் காப்பாற்றினார். அதனாலேயே பிடிபட்டு எரித்துக் கொல்லப்பட்டார். இந்தச் சாட்சியை நான் மிகவும் மதிக்கிறேன். ஆனால் இதை அடிபடும் ஒரு பெண்ணுக்குப் பிரசங்கமாகச் சொல்பவர்கள் இரண்டைக் கவனிக்க வேண்டும்: அவர் முதலில் தப்பி ஓடினார், திரும்பியபோது தாமே திரும்பினார், கரையில் பத்திரமாக நின்ற எவரும் அவரைத் திரும்பச் சொல்லவில்லை. பிறருடைய உடலைப் பலியாக ஒப்புக்கொடுக்கும் உரிமை எந்த ஊழியருக்கும் எந்த அண்ணனுக்கும் இல்லை.

மறு கன்னத்தைக் குறித்து

நீங்கள் இரண்டு ஆண்டுகளாகக் கடைப்பிடித்துவருவது எதுவும் பேசாதிருத்தல். அதற்கு ஆதாரமாக மத்தேயு 5:39-ஐக் காட்டுகிறீர்கள். அந்த வசனத்தில் ‘வலது கன்னம்’ என்று குறிப்பாகச் சொல்லப்பட்டிருப்பதை வேத அறிஞர்கள் பலர் கவனித்திருக்கிறார்கள். எதிரே நிற்பவர் வலது கையால் ஒருவருடைய வலது கன்னத்தில் அறைய வேண்டுமானால் புறங்கையால்தான் அறைய முடியும். அது காயப்படுத்துவதைவிட இழிவுபடுத்துவதற்கான அடி. கி.பி. 200 அளவில் தொகுக்கப்பட்ட மிஷ்னா என்ற யூதச் சட்டத் தொகுப்பு, அறைந்தவனுக்கு 200 சூஸ் (அக்கால வெள்ளி நாணயம்) என்றால் புறங்கையால் அறைந்தவனுக்கு 400 சூஸ் என்று அபராதம் விதிப்பதிலிருந்தே அந்த அவமதிப்பின் அளவு புரியும். அப்படி இழிவுபடுத்தப்பட்டவர் திருப்பி அடிக்கவும் இல்லை, குனிந்து விலகவும் இல்லை. நிமிர்ந்து நின்று மற்றக் கன்னத்தைக் காட்டுகிறார். இந்த விளக்கத்தை எல்லாரும் ஏற்பதில்லை. ஆனால் இதைவிட உறுதியான சான்று ஒன்று இருக்கிறது. பிரதான ஆசாரியன் முன் ஒரு சேவகன் இயேசுவை அறைந்தபோது அவர் என்ன செய்தார்? “நான் தகாதவிதமாய்ப் பேசினதுண்டானால், தகாததை ஒப்புவி, நான் தகுதியாய்ப் பேசினேனேயாகில், என்னை ஏன் அடிக்கிறாய்” என்று கேட்டார். கையை ஓங்கவில்லை, சபிக்கவில்லை. ஆனால் மௌனமாகவும் இருக்கவில்லை. செய்த காரியத்தைச் செய்தவனுடைய முகத்துக்கு நேராகப் பெயரிட்டுக் கேட்டார். மலைப்பிரசங்கத்துக்கு அதைப் பேசியவரே வாழ்ந்து காட்டிய விளக்கம் இது.

ஆகவே அகிம்சையை நான் இரண்டு மறுப்புகளாகப் புரிந்துகொள்கிறேன். தீங்கு செய்தவனுக்குத் தீங்கு செய்ய மறுப்பது ஒன்று. அவன் செய்யும் தீங்குக்கு ஒத்துழைக்க மறுப்பது மற்றொன்று. முதலாவதை மட்டும் வைத்துக்கொண்டு இரண்டாவதைக் கைவிட்டால் அது வலியவனுக்கு வசதியான ஒழுக்கமாகிவிடும். லைபீரியாவின் உள்நாட்டுப் போரின்போது, லூத்தரன் கிறிஸ்தவரான லேமா போவீயும் அவரோடு சேர்ந்த கிறிஸ்தவ, முஸ்லிம் பெண்களும் 2003-இல் அமைதிப் பேச்சு நடந்த மண்டபத்தின் வாசலை மறித்து உட்கார்ந்து, உடன்பாடு இல்லாமல் உள்ளே இருப்பவர்கள் வெளியே வர முடியாது என்றார்கள். யாரையும் அடிக்கவில்லை, வழியும் விடவில்லை.

வீட்டில் வெடிக்கும் கோபம்

சகோதரரே, இதை வருத்தத்தோடும் அன்போடும் சொல்கிறேன். அலுவலகத்தில் நீங்கள் திருப்பிக்கொடுக்காத அடி மறைந்துபோகவில்லை. அதை வீட்டுக்குக் கொண்டுவந்து உங்களைவிட வலுக்குறைந்தவர்களிடம் கொடுத்திருக்கிறீர்கள். மனைவியிடம் நாள்கணக்கில் பேசாமல் இருப்பதை நீங்கள் ‘வாயைக் கட்டுப்படுத்தினேன்’ என்று எழுதியிருக்கிறீர்கள். ஒரே கூரையின் கீழ் ஒருவரை இல்லாதவர்போல் நடத்துவது கட்டுப்பாடு அன்று, தண்டனை. அது காயப்படுத்துகிறது என்பது உங்களுக்குத் தெரியும், தெரிந்துதான் செய்கிறீர்கள். எவரிடம் நமக்கு அஞ்ச வேண்டியதில்லையோ அவரிடம் நாம் எப்படி நடந்துகொள்கிறோம் என்பதில்தான் நம் அகிம்சையின் உண்மை நிலை தெரியும். அந்த வகையில் உங்கள் சோதனைக்களம் மேலதிகாரியின் அறையைக் காட்டிலும் உங்கள் வீட்டுக் கூடமே.

ஆனால் கோபம் வருவதால் தகுதியற்றவர் என்ற முடிவை நான் ஏற்கவில்லை. ஓய்வுநாளில் சூம்பின கையுடைய மனிதனைச் சுகப்படுத்தினால் குற்றஞ்சாட்டலாம் என்று காத்திருந்தவர்களை இயேசு கோபத்துடன் பார்த்தார் என்று மாற்கு எழுதுகிறார்; அந்தக் கோபத்தின் விளைவாக நடந்தது ஒரு கை குணமானது. கோபங்கொண்டாலும் பாவஞ்செய்யாதிருங்கள் என்று பவுல் எபேசியருக்கு எழுதும்போது கோபம் வரும் என்பதை எடுத்துக்கொண்டுதான் பேசுகிறார். தங்கையின் கழுத்தில் கை வைத்தவன்மேல் கோபம் வராத அண்ணனைப் பற்றித்தான் நான் கவலைப்படுவேன்.

அகிம்சை ஒரு தீர்மானத்தால் ஒரே நாளில் வந்துவிடுவதில்லை. 1956 ஜனவரி 30 அன்று அமெரிக்காவின் மாண்ட்கமரி நகரில் மார்ட்டின் லூதர் கிங்கின் வீட்டில் குண்டு வெடித்தது. உள்ளே அவருடைய மனைவியும் கைக்குழந்தையும் இருந்தார்கள். ஆயுதங்களோடு திரண்ட ஆதரவாளர்களை அவர் அமைதிப்படுத்தி வீட்டுக்கு அனுப்பினார். இந்தப் பகுதியைப் பலரும் அறிவார்கள். அதே நாள்களில் அவர் துப்பாக்கி உரிமத்துக்கு விண்ணப்பித்தார் என்பதும், அவருடைய வீட்டில் ஆயுதங்கள் இருந்தன என்பதும், அகிம்சைப் போராட்ட அமைப்பாளர் பேயார்ட் ரஸ்டின் போன்றவர்கள் வந்து அவரோடு பேசிப் பேசித்தான் அவர் படிப்படியாக அவற்றை விட்டார் என்பதும் அவ்வளவாகப் பேசப்படுவதில்லை. ஜேம்ஸ் லாசன் என்ற மெதடிஸ்ட் இறையியல் மாணவர் நாஷ்வில் நகரில் மாணவர்களுக்கு இதை ஒரு பயிற்சியாகவே கற்பித்தார். ஒருவர் வசைபாட, ஒருவர் நாற்காலியிலிருந்து தள்ள, மற்றவர் நிதானம் இழக்காமல் இருக்கப் பழகினார். 1960 பிப்ரவரியில் வெள்ளையருக்கு மட்டும் என்றிருந்த உணவக மேசைகளில் அவர்கள் போய் அமர்ந்து, உண்மையாகவே அடிபட்டபோது, உடல் ஏற்கெனவே அறிந்திருந்ததை அவர்கள் செய்தார்கள். அந்த ஆண்டு மே மாதத்தில் நகரின் உணவகங்கள் சில தம் மேசைகளை அனைவருக்கும் திறந்தன.

நீங்களும் பழக வேண்டும். அலுவலகத்திலிருந்து வந்ததும் யாரோடும் பேசுவதற்கு முன் சிறிது நேரம் நடந்துவிட்டு வீட்டுக்குள் நுழையலாம்; அன்று நடந்ததை ஜெபத்தில் ஆண்டவரிடம் அப்பட்டமாகக் கொட்டலாம். சங்கீதங்களில் பல அப்படிப்பட்ட கோபத்தின் ஜெபங்களே. வாக்குவாதத்தில் நெஞ்சு படபடக்கத் தொடங்கினால், அந்த நிலையில் பேசும் எதுவும் பேச்சாக இருக்காது. “எனக்குக் கோபம் அதிகமாகிறது. அரைமணி நேரம் கழித்து வந்து பேசுகிறேன்” என்று சொல்லிவிட்டு விலகி, சொன்ன நேரத்தில் திரும்பி வாருங்கள். நாள்கணக்கான மௌனத்துக்கும் இதற்கும் உள்ள வேறுபாடு அந்தத் திரும்பி வருதல்தான். முடிந்தால், மேலதிகாரி அவமானப்படுத்தியதை மனைவியிடம் சொல்லுங்கள். இந்த இரண்டு ஆண்டுகளில் அதை அவரிடம் ஒரு முறைகூடச் சொன்னதாக உங்கள் கடிதத்தில் இல்லை. காரணமே தெரியாமல் அவர் தண்டனை அனுபவித்துக்கொண்டிருக்கிறார். இவ்வளவுக்குப் பிறகும் கை மகன்மேல் போனால், ஒரு மனநல ஆலோசகரை நேரில் பாருங்கள். தாமதிக்க வேண்டாம்.

மேலதிகாரியும் சட்டமும்

இதில் உங்களுக்கு இருக்கும் தயக்கம் நியாயமானது, ஆனால் தேவையற்றது. முதலில் அவரிடம் தனியாகப் பேசுங்கள். மத்தேயு 18-ஆம் அதிகாரம் சபைச் சகோதரர்களுக்காகச் சொல்லப்பட்டது என்றாலும் அதன் ஒழுங்கு எங்கும் பொருந்தும்: முதலில் தனியே, பிறகு ஓரிருவர் சாட்சியாக, அதன்பிறகு உரிய அமைப்பின் முன். “நேற்றுக் கூட்டத்தில் எல்லார் முன்னிலையிலும் என்னைத் தகுதியில்லாதவன் என்றீர்கள். வேலையில் குறை இருந்தால் சொல்லுங்கள், திருத்திக்கொள்கிறேன். அப்படிப் பேசுவதை இனி ஏற்க முடியாது” என்று, குரலை உயர்த்தாமல், அவருடைய குணத்தைப் பற்றி எதுவும் சொல்லாமல், நடந்ததை மட்டும் சொல்லுங்கள். வீட்டில் சில முறை சத்தமாகச் சொல்லிப் பழகிவிட்டுப் போங்கள். அதற்கு முன்பே, எந்த நாளில் யார் முன்னிலையில் என்ன சொன்னார் என்பதைக் குறித்துவைக்கத் தொடங்குங்கள்; நீங்கள் செய்த வேலைக்கான மின்னஞ்சல்களையும் பிரதிகளையும் பாதுகாத்து வையுங்கள். பேசியும் மாறாவிட்டால் நிறுவனத்துக்குள் எழுத்தில் புகார் கொடுங்கள். வேலை போகும் அபாயமும், பழிவாங்கப்படும் அபாயமும் உண்டு என்பதை மறைக்கமாட்டேன். குடும்பத்தின் நிலையைப் பார்த்து, தேவையானால் வேறு வேலையைத் தேடிக்கொண்டே இதைச் செய்யலாம். தொழிலாளர் சட்டம் அறிந்த ஒரு வழக்கறிஞரை முன்கூட்டியே கேட்டுக்கொள்வதும் நல்லது.

சட்டத்தை நாடுவது பழிவாங்குவதாகாதா என்கிறீர்கள். பவுல் பிலிப்பியில் விசாரணையின்றி அடிக்கப்பட்டார். மறுநாள் அதிகாரிகள் இரகசியமாக விடுவிக்கப் பார்த்தபோது, அவர்களே வந்து எங்களை வெளியே அழைத்துக்கொண்டு போகட்டும் என்றார். எருசலேமில் சாட்டையடிக்குக் கட்டப்பட்டபோது தமது ரோமக் குடியுரிமையை எடுத்துக்காட்டினார். செசரியாவில் இராயனிடத்துக்கு, அதாவது ரோமப் பேரரசரிடத்துக்கு, மேல்முறையீடு செய்தார். கொரிந்தியருக்கு, சகோதரனோடு சகோதரன் வழக்காடுவதைக் கண்டித்து எழுதியவரும் இவரே. சபையினருக்குள் உள்ள உடைமைத் தகராறுகளை மன்றத்துக்குக் கொண்டுபோவது வேறு, அநியாயமான அதிகாரத்தைச் சட்டத்தின்முன் நிறுத்துவது வேறு என்று அவர் அறிந்திருந்தார். உங்கள் உள்ளத்தைச் சோதிக்க ஒரு கேள்வி போதும்: அவர் மாறி, மன்னிப்புக் கேட்டு, அதே பதவியில் நலமாக இருந்தால் உங்களுக்கு நிறைவு உண்டாகுமா? ஆம் என்றால் நீங்கள் நீதியைத் தேடுகிறீர்கள். அவர் அழிவதைப் பார்க்க வேண்டும் என்றிருந்தால், புகாரை ஒரு வாரம் தள்ளிவைத்து ஜெபியுங்கள். தள்ளிவைப்பது மட்டுமே, கைவிடுவது அன்று.

மகனுக்கு என்ன சொல்வது

பலத்தைப் பயன்படுத்துவது பற்றி நம் திருச்சபைகளுக்குள்ளேயே ஒருமித்த கருத்து இல்லை. மென்னோனைட்டுகள், குவேக்கர்கள் என்னும் சபைப் பிரிவினர் மரபாக எவ்வகை ஆயுதத்தையும் மறுக்கிறார்கள்; அகஸ்டீன், அக்குவினாஸ் என்னும் இறையியலாளர்களைப் பின்பற்றும் மரபுகள், பிறரைக் காக்க அளவோடு பலம் பயன்படுத்துவதை ஏற்கின்றன. பதினொரு வயதுப் பையன்மேல் இந்த விவாதத்தைச் சுமத்த வேண்டாம். திருப்பி அடிக்கச் சொல்வதை நான் ஆதரிக்கவில்லை. அடிவாங்கிய அந்த மாணவன் பெரும்பாலும் இன்னும் பலரோடு திரும்பி வருவான் என்பதும் ஒரு காரணம். ஆனால் தன்னைப் பிடித்தவனின் கையை உதறுவதும், தள்ளிவிட்டு ஓடுவதும், உரத்த குரலில் உதவி கேட்பதும் பாவம் அன்று என்று அவனிடம் தெளிவாகச் சொல்லுங்கள். பெரியவர்களிடம் சொல்வது காட்டிக்கொடுப்பதாகாது என்றும் சொல்லுங்கள். பள்ளி நிர்வாகத்துக்கு நீங்கள் எழுத்தில் முறையிட்டு, என்ன நடவடிக்கை எடுத்தார்கள் என்று குறித்த நாளில் போய்க் கேளுங்கள். அவனைச் சகித்துக்கொள்ளச் சொல்லிவிட்டு நீங்கள் ஒதுங்கினால், தங்கைக்கு நேர்ந்ததே அவனுக்கும் நேரும்.

துன்புறுத்தும் மாணவனைப் பற்றி மகனிடம் பேசுவதற்கு முன், அவனை உலுக்கிய அந்த இரவைப் பற்றிப் பேசுங்கள். “உன்னைப் பிடித்து உலுக்கினேன். உனக்குப் பயமாக இருந்திருக்கும். அது என் தவறு, நீ செய்த எதுவும் அதற்குக் காரணம் இல்லை” என்பதோடு நிறுத்திக்கொள்ளுங்கள், ‘ஆனால் நீயும்’ என்று தொடர வேண்டாம், வேலைப்பளுவைக் காரணமாகச் சொல்லவும் வேண்டாம். உடனே மன்னித்துவிட்டேன் என்று அவன் சொல்லாவிட்டால் வற்புறுத்தாதீர்கள். மறுபடி அப்படி நடந்தால் அம்மாவிடமோ நம்பிக்கையான வேறொரு பெரியவரிடமோ சொல்லலாம், அதற்காக நீங்கள் கோபப்படமாட்டீர்கள் என்பதையும் அப்போதே அவனிடம் சொல்லிவிடுங்கள்.